ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. தில்லிக் குளிரில், விடுதி அறையில், போர்வையை விட்டு எழ மனமில்லாமல் படுத்திருந்தேன். தொலைபேசி ஒலித்தது. பெரியம்மாவின் மகள் பேசினாள். நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் என்னும் பகுதியில் குடியிருப்பவள். எனக்கு விடியற்காலை, அவளுக்கு முதல் நாள் ஞாயிறு இரவு. நலம் விசாரிப்பதற்குக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஏண்டா தம்பி, நீ பொருளாதாரந்தானே படிக்கிறே? உலகத்திலேயே பணக்கார ஊருன்னு இதைச் சொல்றாங்க. இந்த ஊருக்கு ஞாயித்துக்கிழமை லைப்ரரியைத் திறந்து வைக்கக் காசு இல்லையாம். இது என்ன கணக்கு, எனக்குக் கொஞ்சம் சொல்லு."

அவள் கோபத்தின் காரணத்தை நண்பர்கள் அறிய வேண்டுமானால், அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை அறிய வேண்டும். ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கணவருடன் அமெரிக்கா சென்றபின் வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வீட்டோடு இருக்கிறாள். வாரம் முழுவதும் நான்கு சுவர், வெளியே பனி. ஞாயிறு வந்தால் ஏழு வயது மகளை அழைத்துக்கொண்டு பவுன் தெருவிலுள்ள பிள்ளையார் கோவிலுக்குப் போவாள். 1977இல் குடமுழுக்குக் கண்ட கோவில் அது. கீழ்த்தளத்து உணவுச்சாலையில் கிடைக்கும் தோசைக்குப் பக்தி இல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்களாம். தோசை முடிந்ததும் தாயும் மகளும் மெயின் தெருவரை நடந்து ஃப்ளஷிங் நூல்நிலையத்துக்குள் நுழைவார்கள். மகள் குழந்தைகள் பகுதியில் படுத்துக்கொண்டு படிப்பாள். தாய் கணிப்பொறியின் முன் அமர்வாள். அங்கே கட்டணமின்றி ஆங்கில வகுப்பு உண்டு. வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித் தருவார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. "உள்ளே போனா என்ன வேணும்னு கேக்கிறாங்க, யார் நீன்னு யாரும் கேக்கலேடா" என்று ஒருமுறை சொன்னாள்.

அந்தக் கதவைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிவிட்டார்கள். அதுவும், குவீன்ஸ் முழுவதிலும் ஞாயிறன்று திறந்திருந்த நூல்நிலையங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஜமைக்கா என்ற பகுதியிலுள்ள மத்திய நூல்நிலையம். மற்றொன்று இவள் போகும் ஃப்ளஷிங் கிளை.

நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. 'வரவு செலவுப் பற்றாக்குறை' என்று பாடப்புத்தகச் சொல் ஒன்றை எடுத்து வீசித் தப்பித்தேன். "பற்றாக்குறைன்னா போலீசுக்கும் பற்றாக்குறையாத்தானே இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பின் சில மாதங்கள் பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே படித்துக்கொண்டிருந்தேன். நம் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் நச்சரித்தபோது, அக்காளுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

நியூயார்க்கில் பொது நூல்நிலையம் ஒன்றல்ல, மூன்று. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு மூன்றுக்கும் சேர்த்து நியூயார்க் பொது நூல்நிலையம் என்னும் அமைப்பு, புரூக்ளினுக்குத் தனி, குவீன்ஸுக்குத் தனி. மூன்றுக்கும் சேர்த்து 200க்கும் மேற்பட்ட கிளைகள். இவை நகர ஆட்சியின் இலாகாக்கள் அல்ல. நம் நாட்டு அறக்கட்டளைகளைப் போல் தனி நிர்வாகக் குழு உடையவை. ஆயினும் கிளைகளை நடத்தும் பணத்தில் பெரும்பகுதி நகரக் கருவூலத்திலிருந்தே வருகிறது. உடைமை ஒருவருக்கு, பை வேறொருவருக்கு என்னும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

1895இல் ஆஸ்டர், லெனாக்ஸ் என்ற இரு செல்வர்களின் நூல்நிலையங்களும், டில்டன் என்பார் விட்டுச் சென்ற அறப்பொருளும் ஒன்று சேர்ந்து நியூயார்க் பொது நூல்நிலையம் உருவாயிற்று. 1901இல் எஃகு மன்னர் ஆண்ட்ரூ கார்னகி 52 லட்சம் டாலர் கொடுத்தார். நகரெங்கும் கிளைகள் கட்டுவதற்கு. ஆனால் அவர் சாமர்த்தியசாலி. கட்டடத்துக்கு மட்டுமே நான் தருவேன். நிலத்தை நகரம் தர வேண்டும். புத்தகம், சம்பளம், பராமரிப்பு அனைத்தையும் என்றென்றும் நகரமே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார். வேறு ஊர்களில், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரார் நூல்நிலையத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கட்டுவது எளிது, நடத்துவதே கடினம் என்பது எஃகு விற்றவருக்குத் தெரிந்திருந்தது. நம்மூரில் கோவில் கட்டிய அரசர்களும் விளக்கெரிக்க ஆடும் நிலமும் எழுதி வைத்தார்கள் அல்லவா? வேறுபாடு ஒன்று உண்டு. அரசன் நிலத்தை எழுதி வைத்தான். கார்னகி ஒரு வாக்குறுதியை எழுதி வாங்கினார். நிலம் ஆண்டுதோறும் விளையும். வாக்குறுதியை ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும்.

அந்தக் கேட்டுப் பெறும் சடங்கு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். நியூயார்க்கின் நிதியாண்டு ஜூலை முதல் நாள் பிறக்கிறது. மேயர் ஜனவரியில் முதல் வரைவை வெளியிடுவார். ஏப்ரல் இறுதி வாக்கில் திருத்திய வரைவு வரும். 51 உறுப்பினர் கொண்ட நகர மன்றம் விசாரணைகள் நடத்தும். ஜூன் முடிவதற்குள் மேயரும் மன்றமும் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். இடையில் நவம்பரில் நடப்பாண்டுக் கணக்கைத் திருத்தும் ஒரு வாய்ப்பும் மேயருக்கு உண்டு. முக்கியமான விதி ஒன்று: நகரம் பற்றாக்குறைக் கணக்குப் போடக் கூடாது. 1975இல் நியூயார்க் திவாலின் விளிம்புவரை சென்று மீண்டது. அதன்பின் வந்த கட்டுப்பாடு அது. மத்திய அரசைப் போல் கடன் வாங்கி அன்றாடச் செலவைச் சமாளிக்க முடியாது. வரவு குறையும் என்று தோன்றினால் எங்கேனும் வெட்டியே ஆக வேண்டும்.

எங்கே வெட்டுவது? அக்காளின் போலீஸ் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கடனுக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது. ஓய்வூதியத்துக்கு மாநில அரசியல் சட்டமே காவல். பள்ளிகளை நடத்துவதற்கு மாநிலச் சட்டங்கள் கட்டாயப்படுத்துகின்றன. வீடற்றவருக்கு இடம் தர வேண்டும் என்று நீதிமன்ற வழியாக ஏற்பட்ட கடமை உண்டு. போலீசையும் தீயணைப்பையும் பெரிதாகக் குறைத்துவிட்டு அடுத்த தேர்தலில் நிற்க எந்த மேயருக்கும் துணிவு வராது. இப்படிக் கட்டாயச் செலவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தால், மிஞ்சுவது சிறு குவியல். பூங்கா, கலை நிகழ்ச்சி, முதியோர் மையம், நூல்நிலையம். 'நடத்தலாம்' என்றிருக்கிறதே ஒழிய 'நடத்தியே தீர வேண்டும்' என்று சட்டம் சொல்லாத காரியங்கள். பற்றாக்குறை முழு ஊருக்கும் வருகிறது. வெட்டு மட்டும் இந்தச் சிறு குவியலைத் தேடி வருகிறது. கல்யாண வீட்டில் செலவு மிஞ்சிவிட்டால் நகையையும் பந்தியையும் தொடாமல், நாதஸ்வரக்காரரின் சன்மானத்தில் கை வைப்பார்களே, அது போல.

2023 நவம்பர் 16ஆம் நாள் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் அந்த ஆண்டுக் கணக்கைத் திருத்தினார். பெரும்பாலும் எல்லா இலாகாக்களுக்கும் நூற்றுக்கு ஐந்து வெட்டு. 2022 முதல் லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் நகருக்கு வந்துவிட்டார்கள், அவர்களுக்கு இடமும் உணவும் தரும் செலவு மிகுந்துவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் மத்திய அரசு கொடுத்த பணம் தீர்ந்து வருகிறது. வரி வருமானம் தளர்கிறது என்று காரணங்கள் கூறினார். நகர மன்றத்தின் கணக்கர்களும், சுயேச்சையாக இயங்கும் நகர நிதி ஆய்வு அலுவலகமும், வருமானம் மேயர் சொல்வதைவிட நன்றாகவே இருக்கும் என்று மதிப்பிட்டன. மூன்று நூல்நிலையங்களுக்கும் சேர்ந்து அப்போது விழுந்த வெட்டு சுமார் 2 கோடியே 36 லட்சம் டாலர். நவம்பர் இறுதி தொடங்கி, டிசம்பருக்குள் நகரின் ஏறக்குறைய எல்லாக் கிளைகளிலும் ஞாயிறு சேவை நின்றது.

ஐந்து விழுக்காடு குறைந்தால் ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் முன்னதாக மூடினால் போதாதா, ஏன் ஒரு நாளையே பறிக்க வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது. நூல்நிலையக் கணக்கைப் பார்த்தபின் புரிந்தது. நூல்நிலையச் செலவில் பெரும்பகுதி புத்தகத்துக்குப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி சம்பளம். கட்டடத்தைச் சூடாக்கும் செலவு, பழுது பார்க்கும் செலவு, பழைய ஒப்பந்தங்கள் ஆகியவற்றைப் பாதி ஆண்டில் திடீரென்று குறைக்க முடியாது. ஒரு கதவைத் திறக்க வேண்டுமென்றால், ஒருவர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும், காவலர் ஒருவர், துப்புரவாளர் ஒருவர், பெரியவர்கள் பகுதிக்கு ஒருவர், குழந்தைகள் பகுதிக்கு ஒருவர், நூல் வழங்குமிடத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே அரைமணி குறைத்தால் சம்பளம் குறையாது. ஒரு நாளை முழுதாக நிறுத்தினால்தான் குறையும். ஞாயிற்று வேலைக்கு மிகைச் சம்பளம் கொடுக்க வேண்டியிருப்பதால் முதல் பலி ஞாயிறு. வேலைக்குப் போகிறவனுக்கும் பள்ளிக்குப் போகிற குழந்தைக்கும் கிடைக்கும் ஒரே நாள் எதுவோ, அதுவே கணக்குப் புத்தகத்தில் விலை உயர்ந்த நாள். இந்த முரண்பாட்டை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்த அடி 2024 ஏப்ரலில் வந்தது. ஜூலையில் தொடங்கும் புதிய ஆண்டுக்கான வரைவில் நூல்நிலையங்களுக்கு மொத்தம் 5 கோடியே 83 லட்சம் டாலர் குறைந்திருந்தது. இது நிறைவேறினால் பெரும்பாலான கிளைகளைச் சனிக்கிழமையும் மூட நேரும், வாரத்தில் ஐந்து நாள்தான் என்று நூல்நிலையத் தலைவர்கள் மன்றத்தில் சொன்னார்கள். அக்காள் மீண்டும் பேசினாள். இம்முறை கோபம் இல்லை, குரல் தாழ்ந்திருந்தது. "சனிக்கிழமையும் போச்சுன்னா, இவளை எங்கேடா கூட்டிட்டுப் போறது? கடைக்கா?" என்றாள்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். நியூயார்க் நகரத்தின் அந்த ஆண்டு மொத்தச் செலவுத் திட்டம் 11,240 கோடி டாலர். நூல்நிலையங்களில் வெட்ட நினைத்தது 5 கோடியே 83 லட்சம். வகுத்துப் பாருங்கள். 1,000 ரூபாய் செலவழிக்கும் குடும்பம் 52 காசு மிச்சம் பிடித்ததற்குச் சமம். மாதம் 10,000 ரூபாயில் இங்கே நாம் காலம் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் இருபது காசு. மெஸ் கணக்கில் அதை மறந்தே விடுவோம். இதைக் கண்டபோது நான் என் 'பற்றாக்குறை' என்ற சொல்லுக்காக வெட்கப்பட்டேன். இந்த வெட்டினால் நகரத்தின் ஓட்டை அடைபடப் போவதில்லை என்பது வெட்டியவருக்கும் தெரியும். அப்படியென்றால் ஏன் வெட்ட வேண்டும்?

அதற்கு அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வரவு செலவு நடனம். மேயர் நூல்நிலையத்தில் கை வைப்பார். மக்கள் பதறுவார்கள். நகர மன்றத்தின் வாசற்படியில் குழந்தைகளும் நூலகர்களும் அட்டை பிடித்து நிற்பார்கள். பல்லாயிரம் கடிதங்கள் குவியும். மன்ற உறுப்பினர்கள் வீரத்தோடு வாதாடிப் பணத்தை மீட்டுக் கொடுப்பார்கள். மன்றத்துக்கும் புகழ், மேயருக்கும், வேறிடத்தில் விட்டுக்கொடுக்காமல் இங்கே விட்டுக்கொடுத்த இலாபம். ஒருவர் கட்சியின் குற்றமல்ல இது. பல மேயர்கள் ஆடிய ஆட்டம். 2023 ஜூனிலும் 3 கோடியே 62 லட்சம் டாலர் வெட்டுவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து நவம்பரில் வேறு வாசல் வழியாக வெட்டு வந்தது.

2024லும் நடனம் முடிந்தது. ஜூன் இறுதியில் மேயர் ஆடம்ஸும் மன்றத் தலைவி அட்ரியன் ஆடம்ஸும் உடன்பாடு கண்டார்கள். (பெயர் ஒன்றே தவிர உறவினர் அல்லர், ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களாம்.) 5 கோடியே 83 லட்சமும் திரும்பி வந்தது. ஜூலை நடுவில் ஞாயிற்றுக் கதவுகள் திறந்தன.

முடிவு நல்லதாயிற்றே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த ஏழரை மாதத்து ஞாயிறுகள் திரும்பி வரவில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. ஜூலையில் பணம் இருக்குமா என்று தெரியாத நிர்வாகி ஜனவரியில் ஒரு நூலகரை நியமிக்க மாட்டார். ஓய்வு பெற்றவர் இடம் காலியாகவே கிடக்கும். நூல் வாங்குவது தள்ளிப் போகும். ஆங்கில வகுப்பு நடத்த இசைந்த ஆசிரியர், உறுதி கிடைக்காமல் வேறு வேலை தேடிக்கொள்வார். நூல்நிலையத் தலைவர்கள் ஆண்டில் பாதியை நூல்நிலையத்தை நடத்துவதில் செலவிடாமல், நடத்த விடுங்கள் என்று கேட்பதில் செலவிடுவார்கள். 2008க்குப் பின் இப்படி விழுந்த வெட்டுகளால் பல கிளைகள் வாரத்தில் ஐந்தே நாள் திறந்திருந்தன. எல்லாக் கிளைகளிலும் ஆறு நாள் சேவையை மீட்க 2015 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் நிழற்சாலையில் உள்ள மத்தியக் கட்டடத்தின் முன் இரண்டு கல் சிங்கங்கள் இருக்கின்றன. 1930களின் பொருளாதார மந்தத்தில் மேயர் லா கார்டியா அவற்றுக்குப் பொறுமை என்றும் உறுதி என்றும் பெயரிட்டார். இரண்டும் வாசகர்களுக்கு வேண்டிய குணங்களாகவே இருப்பது எனக்குச் சற்று வேதனை தந்தது.

ஆண்டுதோறும் கையேந்தாமல் நூல்நிலையம் நடத்த வழியே இல்லையா? உண்டு. அந்த வழியை நம் நாட்டில் திறந்தவர் ஒரு தமிழர். அவர் நம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர் என்பதை இங்கே தினமும் நூலகத்துக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சீர்காழியில் 1892இல் பிறந்தவர் சீ. இரா. அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆளரவமற்ற அந்தத் தனிமை தாங்காமல், என்னைக் கணக்கு வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கல்லூரியிடம் கேட்டவர். இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வா, பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். லண்டனில் படித்தார், குராய்டன் நூல்நிலையத் தலைவர் சேயர்ஸிடம் தொழில் கற்றார், அந்நாட்டு நூல்நிலையங்களை ஊர் ஊராகப் பார்த்தார். தொழிலாளியும் சமையற்காரியும் குழந்தையும் ஒரே கட்டடத்துக்குள் புத்தகம் எடுப்பதைப் பார்த்தார். அதன்பின் கணக்கு வகுப்பை அவர் கேட்கவில்லை.

இங்கிலாந்தின் அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை ஒரு வரி. 1850ஆம் ஆண்டுச் சட்டம், ஊர்மன்றம் விரும்பினால் சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு அரைப் பென்னி நூல்நிலையத்துக்காக வசூலிக்கலாம் என்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம். புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகங்களைப் புண்ணியவான்கள் தானம் செய்வார்கள் என்று எண்ணினார்கள் போலும். 1855இல் அரைப் பென்னி ஒரு பென்னியாயிற்று. புத்தகம் வாங்கவும் அனுமதி கிடைத்தது. 1919 வரை அந்த ஒரு பென்னி உச்சவரம்பு நீடித்தது.

அரங்கநாதன் 1925இல் திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் போயின. ஆனால் மாட்டுவண்டிக்கும் வைக்கோல் வேண்டும். நிலையான வருமானம் இல்லாத நூல்நிலையம் நிலைக்காது என்று அவர் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம். வீட்டு வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 6 தம்பிடி, அதாவது அரையணா, நூலக வரி. அந்தப் பணம் ஊராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல், நூலக ஆணைக்குழுவுக்குத் தனியே போக வேண்டும். இன்று தமிழ்நாட்டில் அது ரூபாய்க்கு 10 காசு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இந்த ஏற்பாட்டின்கீழ் இயங்குகின்றன. வீட்டு வரி உள்ளவரை நூலகத்துக்குப் பணம் உண்டு. கார்னகி வாக்குறுதி வாங்கினார் என்றேனே. இவர் நிலத்தையே எழுதி வாங்கிவிட்டார்.

சட்டம் நிறைவேறிய அந்த வேளையில் அரங்கநாதன் சென்னையில் இல்லை என்பது விந்தை. 1945 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், 1947 முதல் 1954 வரை இங்கே தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். நூலக இயலை இந்நாட்டில் பட்ட மேற்படிப்பாக்கியது அவர் இங்கிருந்த காலத்தில்தான்.

இதோடு முடித்திருந்தால் தமிழன் பெருமை பேசிய கட்டுரையாகி, கூட்டத்தில் கைதட்டலும் கிடைத்திருக்கும். அக்காள் கணக்குக் கேட்பவள். அவளுக்கு அரைக் கணக்குச் சொல்ல முடியாது. நூலக வரியிலும் ஓட்டை உண்டு. வரியை வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும். செலவழிக்க வேண்டியது நூலகத் துறை. வசூலித்தவர் கையில் பணம் தங்கிவிடுகிறது. சென்னையிலும் பிற நகரங்களிலும் நூலக வரிப் பாக்கி என்ற செய்தி ஆண்டு தவறாமல் நாளிதழ்களில் வருகிறது. கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்கும் நூலக வரியைப் பெங்களூரு மாநகராட்சி பெருந்தொகையாகப் பாக்கி வைத்தது நீதிமன்றம் வரை போயிற்று. நியூயார்க்கில் வெட்டு நடந்தால் வெட்டு என்று தெரிகிறது; மேயர் பெயர் தெரிகிறது; வாசற்படியில் நின்று கேட்கலாம். இங்கே எவரும் வெட்டவில்லை. பணம் வரவில்லை, அவ்வளவுதான். பணமே வந்தாலும் நூலகர் பணியிடம் நிரப்பப்படாமல், ஒருவரே இரண்டு ஊர் நூலகங்களைத் திறந்து மூடுவதும் உண்டு. வெட்டுக்குத் தேதி உண்டு, தேய்மானத்துக்குத் தேதி கிடையாது. எது கொடுமை என்று என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: நாலாயிரம் ஊர்களில் கதவென்ற ஒன்று இருப்பதற்கே அந்த அரையணாதான் காரணம். வரி இல்லாத மாநிலங்களில் சிற்றூர்ப்புறம் நூலகத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இங்கிலாந்தின் பின்கதையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 1919இல் வரம்பு நீங்கியதும் நூல்நிலையச் செலவு பொதுக் கணக்கில் ஐக்கியமாயிற்று. நல்ல காலத்தில் அது வசதி. கெட்ட காலம் 2010க்குப் பின் வந்தது. பல நூறு நூல்நிலையங்கள் மூடப்பட்டன, அல்லது தொண்டர்கள் கையில் விடப்பட்டன. பர்மிங்காம் நகரில் 2013இல் சுமார் 19 கோடிப் பவுன் செலவில், மலாலா கையால் திறந்த மாபெரும் நூல்நிலையம், இரண்டே ஆண்டில் வாரம் 73 மணியிலிருந்து 40 மணிக்குக் குறுக்கப்பட்டது. அரங்கநாதன் பாடம் கற்ற நாட்டின் கதை இது.

தில்லியிலோ நூலக வரி கிடையாது. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே 1951இல் யுனெஸ்கோ உதவியுடன், நேரு திறந்து வைத்த தில்லிப் பொது நூலகம் மத்திய அரசின் மானியத்தில் நடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நான் அங்கே போவதுண்டு. ரிக்ஷாக்காரர் ஒருவர் இந்தி நாளிதழை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பதை அங்கே பார்த்திருக்கிறேன். அவர் வரும் நேரம் மாலை. திறந்திருக்கும் நேரத்தை யாராவது குறைத்தால் எந்த வாசற்படியில் நின்று அவர் கேட்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

2024 ஜூலையில் அக்காள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். ஃப்ளஷிங் நூல்நிலையத்தில் மகள் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படிக்கிறாள். கீழே ஒரு வரி: "திறந்துட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் பூட்டுவாங்களா, உன் கணக்குல பார்த்துச் சொல்லு."

அந்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவிடம் ஊராட்சி வீட்டு வரி ரசீதைக் கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டு வரி 100 ரூபாய். அதன்கீழ் நூலக வரி 10 ரூபாய். "இத்தனை வருஷமா இதைக் கட்டிட்டு வர்றீங்களே, தெரியுமாப்பா?" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை ஒருமுறை படித்தார். பிறகு, எங்கள் ஊர்ப்புற நூலகம் இருக்கும் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"காலையிலே மட்டுந்தானே தொறக்கிறாங்க. நான் வயல்லேருந்து வர்றதே ஆறு மணிக்கு. சாயங்காலம் தொறந்தா நானும் போவேன். யார்கிட்டேடா கேக்கணும்?"

ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். வசூலித்தவர் கையெழுத்து மட்டும் இருந்தது. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அப்பா பெயரில் ஒரு மனு எழுதி, மறுநாள் தபாலில் சேர்த்தோம்.